ஜன்னல் பக்கம் வாங்கப்பா

அப்பா,

இன்று காலை அலமாரியின் மேல்தட்டில் கேமரா பேட்டரியைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்தக் குண்டு பல்பு கையில் பட்டது. உடைந்துவிடக் கூடாதென்று உன் குரங்குக் குல்லாவுக்குள் சுற்றி வைத்திருந்தேன். இன்னும் எரியுமா என்று பார்க்க ஹோல்டரில் மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வாசனையும் வந்தது. சூடான கண்ணாடியில் தூசியும், ஹோல்டருக்கு முன்னால் இன்னும் ஒட்டியிருக்கும் பட்டர் பேப்பரின் ஓரமும் லேசாகக் கருகும் வாசனை. "யாரோ சட்டைய தீச்சிட்டாங்க போல இருக்கே" என்று மூக்கை உறிஞ்சுவாயே, அதே வாசனை.

உள்ளே குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அக்கா, "குட்டி, அத அணைச்சிடு" என்றாள்.

சத்தம் போடவில்லை. திட்டவில்லை. ஆனால் அந்தக் குரலுக்குப் பிறகு அதை எரிய விட முடியாது. அணைத்துவிட்டேன்.

அக்கா சேலத்திலிருந்து வந்து இரண்டு வாரமாகிறது. உன் வருஷ நாள் வருகிறது. அம்மா படத்துக்குப் பக்கத்தில் இத்தனை நாளாக உன் கம்பெனி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். அவசரத்துக்குச் செய்தது. அதில் உன் மூக்கு கட்டம் கட்டமாகத் தெரிகிறது. போட்டோ எடுக்கிறவள் வீட்டில் இப்படி ஒரு படம் தொங்குகிறது என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். வருஷத்துக்குள் நல்ல படம் மாட்ட வேண்டும். எந்தப் படம் என்பதுதான் இந்த வீட்டில் இப்போது யாரும் பேசாமல் சுற்றிச் சுற்றி வரும் பேச்சு. சேலத்தில் பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டிய படம் ஒன்று இருக்கிறது. அந்தப் பல்பு வெளிச்சத்தில் எடுத்தது. அதை எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை. அக்காவும் அதைக் கேட்கவில்லை.

அக்கா உன்னை எப்போதும் "நீங்க" என்பாள். நான் கடைசிவரை "நீ, வா, போ" தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மரியாதையாக எழுதினால் வேறு யாருக்கோ எழுதுவதுபோல் இருக்கும்.

எனக்கு லைட் பைத்தியம் பிடித்த காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். எப்படி மறக்கும், அவதிப்பட்டது நீதானே! போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரே முகம், ஒரே நாற்காலி. விளக்கை மட்டும் நகர்த்த நகர்த்த அந்த முகம் திருடனாகிறது, சாமியாகிறது, குழந்தையாகிறது. அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். வேலை முடிந்து வந்ததும் வீடியோ, சாப்பிடும்போது வீடியோ, அல்சூர் மெட்ரோவில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகும் அளவுக்கு வீடியோ. யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. பார்த்ததையெல்லாம் அன்றைக்கே உன் முகத்தில் போட்டுப் பார்த்தேன்.

முதலில் வட்ட லைட். பீன்யா ஃபேக்டரியில் நாளெல்லாம் மெஷின் முன்னால் நின்று பாட்டில் மூடி அடித்துவிட்டு வருவாய். செருப்பைக் கழற்றுவதற்குள் உன்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிடுவேன். படத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் குட்டி என் கண்ணுக்குள்ள வளையல் மாட்டி விட்டிருக்க?" என்றாய். பார்த்தால் நிஜம்தான். கருவிழியில் வட்டமாக ஒரு வளையல்.

அடுத்து ஃபிளாஷ். சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் வெளிச்சம் மென்மையாக இருக்கும் என்றார்கள். நம் சுவர் பச்சை. நீ பச்சையாக வந்தாய். அடுத்து துணிக்கூடு மாட்டிய பெரிய லைட். நம் கூடத்தில் பாதியை அது அடைத்துக்கொண்டது. "இந்தக் கூடாரத்துல யாரு குடியிருக்கப் போறாங்க? வாடகைக்கு விட்டுடலாமா?" என்று பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டு வேறு காட்டினாய்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, சந்துப் பக்கம் பார்த்த ஜன்னலில் உன் வெள்ளை வேட்டியைக் கட்டினேன். அதற்குப் பக்கவாட்டில் உன்னை உட்கார வைத்து, மறுபக்கம் ஃபிரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோலைச் சாய்த்து வைத்தேன். ஒரு ஜன்னல், ஒரு வேட்டி, ஒரு தெர்மாகோல். அவ்வளவுதான்! படத்தைப் பார்த்துக் கத்தியே விட்டேன். உன் கன்னத்து மடிப்பு, மீசையில் நரைத்த முடி, நெற்றித் தழும்பு எல்லாம் அதனதன் இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. வீட்டுக்குள் முகம் எடுக்க இது போதும், வேறு எதுவும் வாங்காதீர்கள் என்று வீடியோவே போட்டேன். மஞ்சள் பல்பை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள், மஞ்சள் முகத்தைக் கெடுத்துவிடும் என்று அதில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறேன். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "எல்லாம் சரி. அந்த வேட்டி என்னோடதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா அப்போது கர்ப்பமாக, சேலத்தில் மாமியார் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தாள். ஏற்கெனவே ஒன்று தங்காமல் போனதால் இந்த முறை எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வர முடியாது, நாம் போனாலும் ஒரு நாள்தான். ஒரு நாள் போனில் கேட்டாள். "குட்டி, அப்பாவ நல்லா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பெருசா போட்டு கட்டிலுக்கு எதிர்ல மாட்டிக்கறேன். நாள் பூரா இந்த ஃபேனையே பாத்துட்டு இருக்கேன்டி."

எனக்கு வந்த குஷியைப் பார்க்க வேண்டுமே! அடுத்த ஞாயிறு காலையிலேயே வேட்டி ஜன்னலுக்குப் போய்விட்டது.

"கட்டிக்கிட்டிருக்கறதையாவது விட்டு வைப்பியா?" என்றாய்.

"நேரா உக்காருப்பா. தாடைய கொஞ்சம் இறக்கு."

"இறக்குனா ரெண்டு தாடை தெரியும். உங்கக்கா எண்ணுவா."

எடுத்தேன். முகம் எடுப்பவர்கள் படத்தைப் பார்த்ததும் முதலில் செய்வது, பெரிதாக்கிக் கண்ணைப் பார்ப்பது. கண் கூர்மையாக இருந்தால் படம் தேறும். பெரிதாக்கினேன். ஒவ்வொரு இமைமுடியும் எண்ணலாம்போல் இருந்தது. ஆனால் வெண்விழி வெள்ளையாக இல்லை. எலுமிச்சம்பழத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்த மாதிரி ஒரு மஞ்சள்.

டியூப்லைட் கலந்துவிட்டது என்று நினைத்து அணைத்தேன். மஞ்சள். எதிர் வீட்டுக்காரர் புதிதாக அடித்திருந்த மஞ்சள் பெயிண்ட், வெயில் அதில் பட்டு நம் ஜன்னலுக்குள் வருகிறது என்று நினைத்தேன். ஒரே உற்சாகம் எனக்கு. கண்டுபிடித்துவிட்டேன்! சுவரிலிருந்து வரும் மஞ்சள்! உன்னிடம் பாடமே எடுத்தேன்.

"அவன்கிட்ட போயி வேற கலரு அடிக்கச் சொல்லட்டா? சொல்ப அட்ஜஸ்ட் மாடி அண்ணா, எம் பொண்ணு போட்டோ எடுக்கறான்னு?" என்று நீ கன்னடத்தைக் கலந்து சொல்லிச் சிரித்தபோது ஒன்று எடுத்தேன். வாய் பாதி திறந்து, கண் முழுசாகத் திறந்து, என்னையே பார்த்தபடி.

வேட்டிக்கு மேல் கெட்டியாக ஒரு போர்வையைப் பாதி இழுத்துவிட்டேன். கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். தாள் வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் சரி என்று அர்த்தம். தாள் வெள்ளையாகத்தான் வந்தது. பனியன் வெள்ளை. மீசை நரை வெள்ளை. கண் மட்டும் மஞ்சள்.

அப்போதும் எனக்குத் தோன்றவில்லை. கண்ணையும் தாளையும் மட்டும் வெட்டி, நாங்கள் லைட் பற்றிப் பேசும் குழுவில் போட்டுக் கேட்டேன், இது எந்த விளக்கால் வரும் கோளாறு என்று. அரை மணிக்குள் ஆளாளுக்குப் பதில். மட்டமான லைட், மாத்துங்க புரோ. லென்ஸைத் துடைங்க புரோ. கேமராவில் கலர் நம்பரை இறக்குங்க புரோ. அதற்குக் கீழே, தன் முகத்துக்குப் பதில் ஒரு கிளியின் படம் வைத்திருந்த ஒருவர், யாரென்றே தெரியாது, எழுதியிருந்தார்: "லைட்டை விடுங்க. அவங்களை நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

போனிலிருந்து தலையைத் தூக்கினேன். நீ ஜன்னலில் வேட்டியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாய். சந்திலிருந்து முழு வெளிச்சம் உன் முகத்தில். கேமராவே இல்லாமல் பார்த்தேன். நாள் முழுக்க அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவள்தான். அப்போதுதான் பார்த்தேன்.

"மஞ்சக்காமாலதான. பத்தியம் இருந்தா ஓடிடும்" என்றாய். ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று கன்னடத்தில் கேட்டார். "கொத்தில்லா சார், தெரியல" என்றாய். "எம் பொண்ணு போட்டோ எடுத்தா, அதுல பந்துச்சு." தமிழும் கன்னடமுமாகச் சொல்லிவிட்டு, என்னைக் காட்டிப் பெருமையாகத் தலையாட்டினாய். டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். பித்தநீர் இறங்கும் வழியை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி. அது ஈரலுக்கும் போய்விட்டிருந்தது. வெட்டி எடுக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். உள்ளே ஒரு குழாய் வைத்தார்கள். அரிப்பு கொஞ்சம் குறைந்தது. மஞ்சள் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று நீ கேட்ட முதல் கேள்வி, "போட்டோ பெரியவளுக்கு அனுப்பிட்டியா?"

"இல்லப்பா."

"அனுப்பாத. வேற எடு."

"அக்காகிட்ட சொல்லணும்பா."

"சொல்லி? அவ எந்திரிச்சி பஸ் ஏறி வருவா. வழியில ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீயா? நானா?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத் தணிந்து சொன்னாய். "குழந்த பொறக்கட்டும் குட்டி. நானே சொல்றேன். அதுவரைக்கும் அவ கண்ணுக்கு நான் நல்லா இருக்கணும். நீதான் லைட்டப் பத்தி ஊருக்கே சொல்றியே, இத மறைக்கற மாதிரி ஒரு லைட்டு இல்லையா?"

நான் செய்யாமல் இல்லை. கம்ப்யூட்டரில் வெண்விழியை மட்டும் வெள்ளையாக்கிப் பார்த்தேன். துணிக்கடை பொம்மைபோல் முழித்தாய். "யாரு இவரு? நம்ம சொந்தமா?" என்றாய். கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். "செத்தவங்க போட்டோ மாதிரி இருக்கு, வேணாம்" என்றாய். சொன்ன பிறகு நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மஞ்சளை எடுக்க முடியாது என்றால் எல்லாவற்றையும் மஞ்சளாக்க வேண்டும். அது எனக்குச் சட்டென்று தோன்றியது. தோன்றிய வேகத்தில் ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது.

எதிரே இருந்த மின்சாமான் கடையில் கேட்டேன். "குண்டு பல்பாம்மா? அத யாரு இப்ப வாங்கறாங்க?" என்று உள்ளே போய்த் தூசி தட்டி எடுத்து வந்தார் கடைக்காரர். ஜன்னலைப் போர்வையால் மூடினேன். டியூப்லைட்டை அணைத்தேன். பல்பைப் பக்கவாட்டில் வைத்தால் உன் கன்னக் குழி கறுப்பாகத் தெரியும், ஆள் இளைத்தது தெரிந்துவிடும். அதனால் கேமராவுக்குப் பக்கத்திலேயே, கண்ணுக்குக் கொஞ்சம் மேலே. முன்னால் பட்டர் பேப்பர். கீழே மடியில் தெர்மாகோல், கழுத்துச் சுருக்கத்தில் நிழல் விழாமல் இருக்க. உனக்குச் சந்தன நிறச் சட்டை. இது வெயில் வெளிச்சம் என்று கேமராவுக்குச் சொன்னேன். அது நம்பியது. நான் வீடியோவில் கையை ஆட்டி ஆட்டிச் செய்யாதீர்கள் என்று சொன்ன அத்தனையையும் ஒன்று விடாமல் செய்தேன்.

"பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கு" என்று காலரை இழுத்துவிட்டுக்கொண்டாய்.

படம் அழகாக வந்தது அப்பா. அதுதான் கொடுமை. நான் எடுத்ததிலேயே அழகான படம் அது. கோயிலில் தீபாராதனை முகத்தில் படுமே, அப்படி ஒரு பொன் நிறம். சுவர், சட்டை, தோல், கண் எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி. அக்காவுக்கு அனுப்பியதும் கூப்பிட்டாள். "அப்பா, தங்கத்துல செஞ்சு வெச்ச மாதிரி இருக்கீங்க!" என்று குரல் துள்ளியது. நீ போனைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நான் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன்.

அதன் பிறகு அக்காவோடு வீடியோ கால் என்றாலே, "குட்டி, மேக்கப் போடு" என்பாய். நான் போர்வையை இழுத்து பல்பைப் போடுவேன். வாசனை வரும். நீ ஸ்டூலில் வந்து உட்காருவாய். வரவர ஸ்டூல் போய் நாற்காலி வந்தது, நாற்காலிக்குப் பின்னால் தலையணை வந்தது. பல்பு மட்டும் மாறவில்லை. "ஏன் எப்பவும் இருட்டுலயே உக்காந்திருக்கீங்க?" என்று அக்கா கேட்டால், "இவதான், ஏதோ சினிமா மாதிரி இருக்கணுமாம். பாடா படுத்தறா" என்று என்மேல் போட்டுவிடுவாய்.

பேரன் பிறந்தான். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து போனில் அவனைப் பார்த்தாய். ஒரு விரலால் திரையைத் தொட்டாய், படம் நகர்ந்துவிட்டது, பதறிப்போனாய். இன்றைக்குச் சொல்வாய் என்று நான் காத்திருந்தேன். "தையல் ஆறட்டும்" என்றாய். அடுத்த வாரம், "பால் குடுக்கறா, இப்ப வேணாம்."

அந்த நடுவில்தான் ஒரு நாள் மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். எப்போதும் சாயங்காலம்தான் கூப்பிடுவாள். அவசர அவசரமாக பல்பைப் போட்டேன். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உன் முகத்தையே பார்த்தாள். பிறகு சொன்னாள். "அப்பா, கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாங்கப்பா."

நீ என்னைப் பார்த்தாய். "இங்க சரியான மழைம்மா. ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. ஒரே இருட்டு" என்றாய்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர் வீட்டு மொட்டைமாடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. தள்ளுவண்டியில் தர்ப்பூசணி விற்பவர் கூவிக்கொண்டு போனார்.

"சரிப்பா" என்றாள் அக்கா. "நனையாதீங்க."

அவள் நம்பிவிட்டாள் என்று நீ பெருமூச்சு விட்டாய். நானும்தான்.

அவள் கிளம்பி வர டாக்டர் சம்மதித்த வாரம் நீ போய்விட்டாய். கைக்குழந்தையோடு காரில் வந்து இறங்கினாள். கூடத்தில் கண்ணாடிப் பெட்டி. டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. உன் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. பிறகு தலையைத் தூக்கிச் சுவரோரம் நின்ற கம்பியில் அந்தப் பல்பைப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். கடைசியாக என்னை. அதற்குப் பிறகுதான் அழுதாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் கேட்க இத்தனை மாதம் எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று பல்பை அணைத்த பிறகு அவளே சொன்னாள். குழந்தைக்கு வாய் துடைத்துவிட்டபடி, என்னைப் பார்க்காமல்.

"இவனுக்குப் பொறந்த மூணாவது நாள் மஞ்சளா இருந்துச்சு. எல்லாக் குழந்தைக்கும் வர்றதுதான், போயிடும்னாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நர்ஸக்கா சொன்னாங்க. தினமும் கண்ணப் பாரும்மா, ஆனா மஞ்ச பல்புல பாக்காத, அதுல ஒண்ணும் தெரியாது, ஜன்னல் பக்கம் கொண்டு போய்ப் பாருன்னு."

நான் பல்பைக் கழற்றிக் குல்லாவுக்குள் சுற்றத் தொடங்கினேன்.

"ஜன்னல்ல இவனத் தூக்கிப் பாத்துட்டு திரும்பறேன். எதிர்ல அப்பா போட்டோ. நீ எடுத்தது. எல்லாமே மஞ்சளா. மஞ்ச பல்பே ஆகாதுன்னு வீடியோ போடறவ, அப்பாவுக்கு மட்டும் ஏன் போட்டான்னு நெனச்சேன். அன்னிக்கு மத்தியானமே போன் பண்ணேன்."

"தெரிஞ்சும் ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா அவரு ஒடஞ்சிருப்பாரு. எனக்குத் தெரியாதுங்கறதுலதான் அவரு நிம்மதியா இருந்தாரு. தையல் பிரிச்சதும் நேர்ல வந்து மடியில படுத்துக்கலாம்னு இருந்தேன். நாள் இருக்குன்னு நெனச்சேன்." குழந்தையின் சட்டையை இழுத்து நேராக்கினாள். "அவரு சொல்லக் கூடாதுன்னாரு, சரி. அவரு அப்படித்தான். நீ சொல்லியிருக்கணும் குட்டி. எவ்ளோ நாள்தான் இருக்குன்னு உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

சொல்லியிருந்தால் அவள் பஸ் ஏறியிருப்பாள். இந்தக் குழந்தை இப்படி உட்கார்ந்து சோற்றைத் துப்பிக்கொண்டிருக்குமா என்று தெரியாது. சொல்லாததால் அவள் உன்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தாள். இரண்டில் எது சரி என்று யாராவது ஒரு வீடியோ போட்டிருக்கிறார்களா? தேடியிருக்கிறேன் அப்பா. நிஜமாகவே தேடியிருக்கிறேன். நீ இருந்தால் ஏதாவது கிண்டல் செய்து பேச்சை மாற்றியிருப்பாய். நீ இல்லாததால் அந்தப் பேச்சு கூடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு அக்காவே கேட்டாள். "மொதல்ல ஒண்ணு எடுத்தியாமே, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாரு. ஜன்னல் பக்கம். அத அழிச்சிட்டியா?"

அழிக்கவில்லை. அழிக்க முடியவில்லை. லேப்டாப்பைத் திறந்து கொடுத்தேன். அவள் அதை ஜன்னலுக்கு எடுத்துப் போனாள். நீ எதிர் வீட்டுப் பெயிண்டைக் கிண்டல் செய்து சிரித்த படம். வாய் பாதி திறந்து. அவளுக்குப் பெரிதாக்கத் தெரியவில்லை, நான்தான் கண்வரைக்கும் பெரிதாக்கினேன். மஞ்சள். ஆனால் அதற்குள் வளையல் இல்லை அப்பா. கருவிழியில் சின்னதாக நம் ஜன்னல் இருந்தது, வேட்டியோடு. ஜன்னலுக்கு ஓரத்தில் கேமராவைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி. அது நான்.

அக்கா உன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதான் வேணும்" என்றாள்.

"மஞ்சளா இருக்குதேக்கா. வர்றவங்க கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"லேசா சரி பண்ணித் தரட்டா? யாருக்கும் தெரியாது."

"தொடாத." உடனே குரல் இறங்கியது. "எங்கிட்ட எத்தனையோ நாள் பேசுன அப்பா அந்தப் படத்துல இருக்காரு, சரி. எங்கிட்ட வராம போன அப்பா இதுலதான் இருக்காரு. எனக்கு இவரு வேணும்."

மத்தியானமே ஃபிரேம் கடைக்குப் போய்விட்டு வந்தோம். கடைக்காரர் வழக்கம்போல, "முன்னாடி சின்ன பல்பு ஒண்ணு வெச்சித் தரட்டுமாம்மா? சிவப்பா, மஞ்சளா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "பல்பு வேணாம்ணா. நாங்க ஜன்னலுக்கு எதிர்ல மாட்டிக்கறோம்." இன்னும் அவள் என்னோடு முழுசாகப் பேசவில்லை. ஆட்டோவில் குழந்தையை மட்டும் என் மடியில் வைத்தாள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

நீ கேட்டதை நான் செய்தேன். நன்றாகச் செய்தேன். அது எனக்குப் பெருமையா பாரமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உன்னிடமிருந்து கையோடு தங்கியது ஒரு பழக்கம் மட்டும்தான். இப்போது யார் என் முன்னால் உட்கார்ந்தாலும், கல்யாணப் பெண்ணோ, வேலைக்குப் படம் கேட்டு வரும் பையனோ, லிங்கராஜபுரத்தில் ஞானஸ்நான விருந்துக்குக் கூப்பிட்டவர்களோ, எத்தனை லைட் இருந்தாலும் முதல் படம் ஜன்னல் பக்கம்தான். "இதுக்குத்தான் இவ்ளோ லைட் தூக்கிட்டு வந்தீங்களா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சாயங்காலம் வெயில் இறங்கும்போது அக்கா குழந்தையை ஜன்னல் திண்டில் பிடித்து நிறுத்தி, "எடு" என்றாள். உன் வேட்டி இன்னும் இருக்கிறது. அதைக் கட்டினேன். அவன் அதை இழுத்து வாயில் வைத்துக்கொண்டான். எடுத்தேன். கேமராவைத் திருப்பிப் பெரிதாக்கிக் கண்ணுக்குப் போனேன்.

வெள்ளை, அப்பா. நல்ல வெள்ளை.

அதற்கப்புறம்தான் ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

உன்,
குட்டி